தேநீர், நாற்காலி, செருப்பு: பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தை எங்க தெருவிலிருந்து வாசிப்பது

பாடப்புத்தகத்துக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. முந்நூறு பிரதி அச்சடித்து இருநூறு பரணில் கிடக்கிற கவிதைத் தொகுதிக்குப் பத்துப் பக்கம் எழுதுகிறோம். வருசா வருசம் ஏழெட்டு லட்சம் பிள்ளைகள் வரிக்கு வரி அடிக்கோடு போட்டு, தூக்கத்திலும் முணுமுணுத்துப் படிக்கிற ஒரு புத்தகத்தைப் பற்றி இலக்கியப் பத்திரிகைகளில் மூச்சு இல்லை. வாசகர் என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்பதில் இருக்கிற கோளாறு இது. எங்க தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வாழ்நாளில் வாசிக்கக் கிடைக்கிற கடைசி இலக்கியமே பிளஸ் டூ புத்தகம்தான். அதுக்கப்புறம் பட்டாசு ஆலை வேன், இல்லேன்னா மில்லு வேன், இல்லேன்னா கல்யாணம். ஆகவே தமிழக அரசு 2019ல் கொண்டுவந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை ஒரு பிரதியாக எடுத்துவைத்து, எங்க தெருவில் உட்கார்ந்து வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்க ஊர் இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடம். வெளியூர்க்காரர்களுக்கு மாரியம்மன் கோயில்தான் ஊர். ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூட்டம் தாங்காது. கண்மலர் வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். மார்ச் மாசம் ஹால் டிக்கெட்டோடு வந்து நிற்கிற பிள்ளைகளையும் பார்க்கலாம். தொழிற்சங்க வேலை போக மிச்ச நேரத்தில், ராத்திரி ஏழு மணிக்கு, எங்க தெருவுப் பிள்ளைகளோடு நான் இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். மாமான்னுதான் கூப்பிடுவார்கள். சாருன்னு கூப்பிட்டா எனக்கே யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு.

நாங்க அருந்ததியர். வீட்டில் பேசுவது தெலுங்கு. தண்ணிக்கு நீள்ளு என்போம். பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தமிழ் வந்தது. அந்தத் தமிழும் எங்க வாயில் இருக்கிற தமிழ் இல்லை. 'இழுத்துப் பேசாதே' என்று திருத்தினார்கள். 2006ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது தெலுங்கு பேசுகிற மற்ற சாதியார் எங்க தாய்மொழி போச்சே என்று வழக்குப் போட்டார்கள். எங்களுக்குப் போவதற்கு ஒன்றும் இல்லை. எங்க தெலுங்குக்கு எந்தக் காலத்திலும் பள்ளிக்கூடம் கிடையாது, எழுத்தும் கிடையாது. தாய்மொழிக் கல்வி பற்றி மேடையில் முழங்குகிற தோழர்களிடம் இதைச் சொன்னால் சங்கடப்படுகிறார்கள். அவர்களில் பலபேர் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்துதான் முழங்குகிறார்கள். தமிழ் மீது எனக்குப் பகை கிடையாது, இந்தக் கட்டுரையைத் தமிழில்தான் எழுதுகிறேன். எங்க பிள்ளைக்கு ஆங்கிலம் மூணாவது மொழி என்பதை மறந்துவிட்டு விவாதம் பண்ணாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978ல் வந்தது. அதற்கு முன்னால் பதினோராம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரியில் பி.யூ.சி. படிக்கணும். எங்காளுக அந்த வாசலை மிதித்தது சொற்பம். மேல்நிலை வகுப்பு ஊருக்குப் பக்கத்திலேயே வந்ததால்தான் என் தலைமுறை அதற்குள் போக முடிந்தது. நான் படித்தது 1989-90ல், சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். அப்போது ஆங்கிலம் இரண்டு தாள், இருநூறு மார்க்கு, எழுபது எடுத்தால் பாஸ். நாங்க இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் பண்ணினோம். பதில் முழுக்க 'தி போயட் செய்ஸ் தட்' என்று நோட்டில் தமிழில் கிடக்கும். அதை ஒப்பிக்க ஒப்பிக்க எங்கம்மா பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். அந்தத் தீப்பெட்டி லேபிளில் இருந்த 'சேஃப்டி மேட்சஸ்' என்கிற இரண்டு சொல்தான் எங்க வீட்டுக்குள் அச்சில் வந்த முதல் ஆங்கிலம். அதுக்கு அர்த்தம் பாதுகாப்பான தீக்குச்சி என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தது ஞாபகம் இருக்கு.

2018-19ல் இரண்டு தாளை ஒன்றாக்கினார்கள். இப்போது எழுத்துத் தேர்வு தொண்ணூறு, அகமதிப்பீடு பத்து. ஒப்பிப்பது மட்டும் மாறவில்லை. 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டப்பேர் வைத்து, அவர்களுக்கென்று மெலிசாக ஒரு கையேடு கொடுக்கிறார்கள். அந்தக் கையேட்டுக்காரர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். எங்க விருதுநகர் மாவட்டம் தேர்ச்சியில் பேர்போனது. 2017லும் 2018லும் பிளஸ் டூவில் மாநிலத்திலேயே முதல் இடம். அந்த முதல் இடத்தில் பாஸான பிள்ளையிடம் ஆலை வாசலில் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிற உரிமத்தை வாசித்து, இந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம்னு சொல்லு என்றால் முழிக்கிறது. 2021 பிப்ரவரி 12ல் அச்சங்குளம் ஆலை வெடித்த பிறகு நஷ்டஈட்டு மனுக்களோடு அலைந்தவர்களுக்கு இந்த முழியின் விலை தெரியும். 2018 அக்டோபர் 23ல் உச்சநீதிமன்றம் பேரியம் போட்ட பட்டாசைத் தடுத்து எழுதிய தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அதுக்கப்புறம் மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன. தீர்ப்பில் என்னதான் எழுதியிருக்கு என்று வேலை இழந்தவர்கள் முதலாளி தரப்பின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆங்கிலம் எங்களுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நீளமான விளக்கம் என்னிடம் இல்லை.

இனிப் புத்தகம். உரைநடை ஆறு பாடம். முதல் பாடம் ஏ. ஜே. க்ரோனின் எழுதிய 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா'. இத்தாலியில் யுத்தம் முடிந்த நேரம். பதிமூணு, பன்னிரண்டு வயசில் அண்ணன் தம்பி இரண்டுபேர் பழம் விற்கிறார்கள், ஷூ துடைக்கிறார்கள், பேப்பர் போடுகிறார்கள். காசை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது கதையின் மர்மம். முதுகெலும்புக் காசநோயில் கிடக்கிற அக்காளுக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிறார்கள் என்று கடைசியில் தெரிகிறது. காரில் போகிற ஆசிரியர் உருகிப்போகிறார். பிள்ளைகளும் உருகணும் என்பது பாடத்தின் எதிர்பார்ப்பு.

சிவகாசி வட்டாரத்தில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு சங்கடமாவது வர வேண்டாமா? விடியக்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து, தூங்குகிற பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன ஊர்கள் இவை. எம். சி. மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்டணும் என்று சொன்னது இந்த மண்ணை வைத்துத்தான். அந்த பஸ்ஸில் போனவர்கள் இன்றைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவும் சித்தியும். அவர்களும் தம்பி படிப்புக்கும் அக்கா சீக்குக்கும்தான் குச்சி அடுக்கினார்கள். அவர்களை யாரும் ஜென்டில்மென் என்று எழுதவில்லை, 'குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை' என்றார்கள். க்ரோனினுக்கு அந்தச் சிறுவர்களின் உழைப்பு மனிதகுலத்தின் நம்பிக்கையாகத் தெரிகிறது. அந்த அக்காளுக்கு ஏன் இலவச ஆஸ்பத்திரி இல்லை என்கிற கேள்வி கதைக்குள் எழவேயில்லை. ஷூ துடைக்கிற தொழிலைக் கௌரவமாக எழுதிவிட்டார் என்று எங்க பிள்ளை ஒருத்தன் சந்தோசப்பட்டான். அவன் தாத்தா செருப்புத் தைத்தவர். அந்தச் சந்தோசத்தை நான் கெடுக்கவில்லை. அதுவும் ஒரு வாசிப்புத்தான்.

இரண்டாவது பாடம் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'எ நைஸ் கப் ஆஃப் டீ'. 1946ல் எழுதியது. நல்ல தேநீர் போட பதினோரு விதி சொல்கிறார். இந்திய, இலங்கைத் தேயிலைதான் வேண்டும், சட்டியைச் சூடு பண்ணிக்கொள்ள வேண்டும், பாலைப் பிறகுதான் ஊற்ற வேண்டும், சர்க்கரை கூடாது. வேடிக்கையான கட்டுரைதான், நல்ல உரைநடைதான். ஆனால் ஆர்வெல் பிறந்தது பீகாரில் மோதிகாரியில், அவர் அப்பா வெள்ளைக்காரனின் அபின் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர், ஏகாதிபத்தியத்தை உள்ளே இருந்து பார்த்து வெறுத்தவர் ஆர்வெல் என்கிற கதையெல்லாம் தெரிந்தால்தான் அந்த முதல் விதியில் இருக்கிற இலங்கைத் தேயிலை உறைக்கும். அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் திருச்சி, திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணி ஓட்டிக்கொண்டுபோன சனம். அதில் கணிசம் சேரிச்சனம். ஆர்வெல்லின் கோப்பைக்குள் எங்க பாட்டன் பூட்டன் இருக்கிறான். பாடத்தின் கேள்விகளோ பால் முதலிலா தேயிலை முதலிலா என்கிற பட்டிமன்றத்தோடு நின்றுவிடுகின்றன.

எங்க பக்கத்து ஊர் ஒன்றில், பேர் வேண்டாம், ஆர்வெல்லுக்குத் தெரியாத பன்னிரண்டாவது விதி ஒன்று இருக்கிறது. அது டம்ளரைப் பற்றியது. எங்க தாத்தா காலத்தில் சிரட்டை. அப்பா காலத்தில் கூரையில் செருகிவைத்த தனிக் கண்ணாடி டம்ளர்; குடித்துவிட்டு நாமே கழுவிச் செருகணும். பிறகு பிளாஸ்டிக் கப் வந்தது. சாதிக்கு வசதியாக விஞ்ஞானம் ஒன்று செய்து கொடுத்தது என்றால் அதுதான். 2019 ஜனவரியில் அரசாங்கம் ஒருமுறை பயன்படுத்துகிற பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது எங்க பிள்ளைகள் கேட்டார்கள்: 'மாமா, இனிமே நமக்கும் கிளாஸா?' அப்படியெல்லாம் இல்லை, தடை செய்த கப்பு வேறு ரூபத்தில் திரும்பி வந்துவிட்டது. இது எங்க வட்டாரத்துச் சமாச்சாரம் மட்டும் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணித் தொட்டியில் மலம் கலந்த செய்தி கேட்டு அதிகாரிகள் நேரில் போனபோது, பக்கத்தில் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது வெளியே வந்து வழக்குப் பதிவானது.

வகுப்பில் நான் ஒரு வேலை கொடுத்தேன். ஆர்வெல் விட்ட பன்னிரண்டாவது விதியை நீங்க எழுதுங்க, இங்கிலீஷில், தப்பைப் பற்றிக் கவலை இல்லை. அரைமணி நேரம் ஒருத்தரும் எழுதவில்லை. கைடில் இல்லாத ஒன்றை ஆங்கிலத்தில் எழுதலாம் என்பதே அவர்களுக்கு நம்ப முடியாததாக இருந்தது. கடைசியில் பிளஸ் டூ பிள்ளை ஒருத்தி எழுதி நீட்டினாள்: 'தி டீ மேன் கிவ் மீ பேப்பர் கப். அதர்ஸ் கிளாஸ்.' அவ்வளவுதான். பரீட்சையில் 'ஸ்பாட் தி எரர்' என்று கேட்பார்களே, அந்தக் கணக்கில் 'கிவ்' தப்பு, 'கிவ்ஸ்' என்று வர வேண்டும். அதைத் திருத்தினேன். திருத்தாமல் விடுவது கருணை இல்லை, பரீட்சை அவளைத் திருத்தாமல் விடாது. ஆனால் பத்து வருசம் ஆங்கிலம் படித்த அந்தப் பிள்ளை மனப்பாடம் பண்ணாமல், தானாக, தனக்கு நடந்ததை எழுதிய முதல் இரண்டு வாக்கியம் அது. பத்து வருசமாக அவளிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்கவில்லை.

மூணாவது, நாலாவது பாடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தென்னாப்பிரிக்க டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு, எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி. ஏறட்டும்.

ஐந்தாவது பாடம் 'தி சேர்'. கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை ஆங்கிலத்தில். இடைசெவல் எங்களுக்குத் தூரம் இல்லை, கோவில்பட்டிக்குப் பக்கம். அதே கரிசல், அதே வெயில். நம்ம ஊர்க் கதை இங்கிலீஷ் புத்தகத்தில் வந்திருக்கிறது என்றதும் பிள்ளைகளுக்கு ஒரு குஷி. எனக்கும்தான். வீட்டுக்கு விருந்தாளியாக வந்த சப்-ஜட்ஜ் முக்காலியிலிருந்து உருண்டு விழ, அந்த அவமானத்தில் ஒரு சம்சாரி வீடு நாற்காலி செய்யத் தீர்மானிக்கிறது. என்ன மரம் என்று குடும்பமே விவாதம் பண்ணுகிறது. நாற்காலி வருகிறது, பிள்ளைகள் போட்டி போட்டு உட்காருகிறார்கள். ஊரில் ஒரு சாவு விழ, பிணத்தை உட்கார வைக்க அந்த நாற்காலியை இரவல் வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்த நாற்காலியில் உட்காரப் பிள்ளைகளுக்குப் பயம்.

அருமையான கதை, மறுக்கவில்லை. ஆங்கிலத்துக்குள் போனதும் கரிசல் பேச்சின் வாசம் போய்விடுகிறது; அதையும் மன்னிக்கலாம், எந்த மொழிபெயர்ப்புக்கும் உள்ளது. எங்க வகுப்பில் வேறொன்று நடந்தது. கதையில் பெத்தண்ணா என்று ஒரு பேர் வரும். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு பேர். எங்க பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அது தெலுங்கு, பெரியண்ணன் என்று அர்த்தம், நாங்க வீட்டில் கூப்பிடுகிற சொல். பன்னிரண்டு வருசப் பள்ளிப் படிப்பில் எங்க வீட்டுச் சொல் ஒன்று பாடப்புத்தகத்தில் வந்தது இதுதான் முதல் தடவை. வந்தது ஆங்கிலப் புத்தகத்தில், ஒரு நாயக்கர் வீட்டு மகனின் வாய்வழியாக. கி.ரா. வீட்டுத் தெலுங்கும் எங்க வீட்டுத் தெலுங்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கிணறுதான் வேற.

அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு நான் பிள்ளைகளிடம் கேட்டேன்: ஊரில் சாவு விழுந்தால் அக்கம்பக்கம் ஊருக்குக் கேதம் சொல்லப் போவது யார்? கொட்டு அடிப்பது யார்? எல்லோரும் தெரிந்த பதிலைச் சொன்னார்கள். அவர் கதையில் எங்கே இருக்கிறார்? தேடினோம், கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. கி.ரா. சாதியை மறைக்கத் திட்டம் போட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டின் உள்முற்றத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். உள்முற்றத்திலிருந்து பார்த்தால் வாசலுக்கு வெளியே நிற்கிற ஆள் தெரியமாட்டான். நாற்காலி இல்லாத வீடு ஒரு வீடா என்பது அங்கே வேடிக்கையான கேள்வி. நாற்காலி வாங்கினாலும் தெருவில் போட்டு உட்காரக் கூடாது என்பது எங்க பெரியாளுகளுக்கு இருந்த சட்டம். செத்த பிறகு நாற்காலி, உயிரோட இருக்கும்வரை தரை.

இதே மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சியைத் தலித்துகளுக்கு ஒதுக்கிய பிறகு, 1996லிருந்து 2006 வரை அந்த நாற்காலியில் ஒரு தலித்தை ஒழுங்காக உட்காரவிடவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும் அந்த வரிசை. மேலவளவில் உட்கார்ந்த முருகேசனை 1997 ஜூன் 30ல் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். அந்தப் படத்தை 'தி சேர்' பாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி நடத்தினால் என்ன குடிமுழுகிப் போகும்? கதையின் நகைச்சுவை கெட்டுப்போகும் என்பார்கள். கெடட்டும். பிறகும் மிஞ்சுகிற நகைச்சுவைதான் நிஜமான நகைச்சுவை.

ஆறாவது பாடம் ஏ. ஜி. கார்டினரின் 'ஆன் தி ரூல் ஆஃப் தி ரோடு'. நடுரோட்டில் நடப்பது என் சுதந்திரம் என்று ஆளாளுக்குக் கிளம்பினால் யாருக்கும் சுதந்திரம் இருக்காது, எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் என்கிறார். இதை வாசித்து முடித்ததும் ஒரு பையன், 'நம்ம ஊர்கள்லயும் ரோட்டுக்கு ரூல் இருந்துச்சுல்ல மாமா, சைக்கிள விட்டு இறங்குறது, செருப்பக் கழட்டி கையில எடுக்குறது' என்றான். விட்டுக்கொடுப்பது யார் என்று கார்டினர் கேட்கவில்லை. ஊர் செருப்பையெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்த சாதியில் பிறந்தவனுக்கு அந்தக் கட்டுரை முழுசாகப் புரியும். எழுதியவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

வடக்கே சந்திரபான் பிரசாத் ஆங்கிலத்தையே தெய்வமாக்கினார். 2010ல் உத்தரப்பிரதேசம் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பாங்கா கிராமத்தில் ஆங்கில தேவிக்குக் கோயில் எழுப்ப ஆரம்பித்தார்கள். தலையில் தொப்பி, கையில் பேனா, இன்னொரு கையில் அரசியல் சட்டம், காலடியில் கம்ப்யூட்டர். அவருடைய கோபத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. கும்பிடுவதில் உடன்பாடில்லை. எங்க ஊரில் ஏற்கெனவே ஒரு அம்மன் இருக்கிறாள், அவளிடமே வேண்டுதல் பாக்கி நிறைய இருக்கு. தெய்வமாக்கினால் மறுபடியும் மந்திரம்தான் ஒப்பிக்கணும். ஒப்பித்துத்தான் இந்த நிலைமைக்கு வந்தோம்.

அம்பேத்கர் ஆங்கிலத்தைக் கும்பிடவில்லை, கையாண்டார். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று அவர் எழுதிவைத்த சின்ன நூல் ஒன்று இருக்கிறது. சிறு வயசில் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டு, ஸ்டேஷனில் இறங்கி, சாதி தெரிந்ததும் வண்டிக்காரன் வர மறுக்க, ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணி கிடைக்காமல் தவித்த கதை அதில் வருகிறது. எளிமையான ஆங்கிலம். எங்க பிளஸ் ஒன் பிள்ளைகள் அகராதி வைத்து இரண்டு ராத்திரியில் அந்தப் பகுதியை வாசித்து முடித்தார்கள். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக இருக்கிறது. எங்க ஆறு பாடத்தில் இல்லை. இதே மாவட்டத்துக்காரரான பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்து, 2000ல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போய் உலகம் சுற்றுகிறது. அதுவும் ஆறு பாடத்தில் இல்லை. அவருடைய 'சங்கதி'யையும் சுகிர்தராணி கவிதைகளையும் டெல்லிப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்டில் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துப்போட்டபோது இங்கே எல்லோரும் கண்டன அறிக்கை விட்டோம். சரிதான். எடுத்துப்போடுவதற்காவது அங்கே முதலில் வைத்திருந்தார்கள்.

புத்தகம் என்றைக்காவது மாறத்தானே போகிறது. ஆர்வெல்லை எடுக்க வேண்டாம், க்ரோனினையும் கி.ரா.வையும் எடுக்க வேண்டாம், பக்கத்தில் அம்பேத்கரின் அந்த ரயில் பயணத்தையும் பாமாவின் நாலு பக்கத்தையும் வையுங்கள், கேள்விகளை மாற்றுங்கள் என்று பாடநூல் கழகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழில் எழுதினால் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். பிள்ளைகள் கேட்கவில்லை, இங்கிலீஷில்தான் எழுதணும் என்று பிடிவாதம். கைடு கிடையாது, ஆளுக்கு ஒரு வாக்கியம். இதுவரைக்கும் ஒன்பது வரி வந்திருக்கிறது. மூணாவது வரியில் 'டிமாண்டா', 'ரெக்வெஸ்ட்டா' என்று சண்டை நடந்துகொண்டிருக்கிறது.